ரெஸ்டிங் ஸ்டேட் எஃப்எம்ஆர்ஐ: ஒரு தனி நோயாளிக்கு இதை வைத்து என்ன சொல்லலாம்?

கேட்டிருப்பவர் ரேடியாலஜி முதுகலை மாணவர். அவருடைய துறையில் 3 டெஸ்லா ஸ்கேனர் இருக்கிறது. வழக்கமான மூளை எம்ஆர்ஐயோடு 6 நிமிட ரெஸ்டிங் ஸ்டேட் ஸ்கேனும், அதாவது நோயாளி சும்மா படுத்திருக்கும்போது மூளைச் செயல்பாட்டின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்யும் எஃப்எம்ஆர்ஐயும், எடுத்து வைக்கிறார்கள். மனச்சோர்வு உள்ளவர்கள் 40 பேர், இல்லாதவர்கள் 40 பேர் என்று தரவு சேர்ந்திருக்கிறது. மூளைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்கள் சிலரின் ஸ்கேனும் இருக்கிறது. "இதை எப்படிப் பகுப்பாய்வு செய்தால் நோயாளிக்குப் பயன்படும்? ரிப்போர்ட்டில் எழுதலாமா?" என்பது கேள்வி.

முதலில் நேரடியான பதில். கட்டி நோயாளிகளுக்கு இதை இன்றைக்கே பயன்படுத்தலாம், சில நிபந்தனைகளோடு. மனச்சோர்வு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல இதைப் பயன்படுத்த முடியாது. அந்த 80 பேர் தரவை நம்பி ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டில் ஒரு வரிகூட எழுதக்கூடாது. ஸ்கேனர் ஒன்று, சாஃப்ட்வேர் ஒன்று, சிக்னலும் ஒன்று. கேட்கும் கேள்விதான் வேறு. "இந்தத் தலைக்குள் கையை இயக்கும் பகுதி எங்கே இருக்கிறது?" என்பது இடம் பற்றிய கேள்வி. "இந்த மூளை நோயுற்றதா?" என்பது தீர்ப்பு கேட்கும் கேள்வி. முதல் வகைக்கு இந்த ஸ்கேன் ஓரளவு நன்றாகவே பதில் சொல்கிறது. இரண்டாவதற்குச் சொல்வதில்லை. கீழே உள்ளதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

மூளையின் ஒரு பகுதியில் நரம்புச் செயல்பாடு கூடும்போது அங்கே ரத்த ஓட்டம் தேவைக்கு மேலாகவே கூடுகிறது. ஆக்ஸிஜனை இழந்த ஹீமோகுளோபினின் விகிதம் அங்கே குறைவதால் எம்ஆர்ஐ சிக்னல் ஒன்றிரண்டு சதவீதம் ஏறுகிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் செய்ஜி ஒகாவா 1990-இல் எலிகளிடம் காட்டிய போல்ட் சிக்னல் இதுதான். 1995-இல் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பரத் பிஸ்வாலும் அவருடைய குழுவினரும், எந்த வேலையும் செய்யாமல் சும்மா படுத்திருப்பவர்களின் ஸ்கேனை எடுத்துப் பார்த்தார்கள். உடலை இயக்கும் மூளைப் பரப்பான மோட்டார் கார்ட்டெக்ஸின் இடது பக்கத்தில் சிக்னல் மெதுவாக ஏறி இறங்கும்போது வலது மோட்டார் கார்ட்டெக்ஸிலும் கூடவே ஏறி இறங்கியது. 0.1 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது ஒரு ஏற்ற இறக்கத்துக்குப் பத்து வினாடிக்கு மேல் எடுக்கும் மெதுவான அலைகள். அதுவரை இரைச்சல் என்று வடிகட்டித் தள்ளிய சமாச்சாரம் அது. இப்படிச் சிக்னல் சேர்ந்து ஏறி இறங்குவதைத்தான் இரண்டு பகுதிகளின் தொடர்பு என்கிறோம்; அப்படித் தொடர்புள்ள பகுதிகளின் கூட்டம் ஒரு வலைப்பின்னல். உடல் எடையில் சுமார் 2 சதவீதம் மட்டுமே இருக்கும் மூளை, உடலின் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. வேலை செய்யும்போது கூடுதலாகச் செலவாவது இதில் மிகச் சிறிய பங்குதான். ஓய்விலும் மூளை ஓய்வதில்லை என்பதால்தான் இந்த ஸ்கேனிலிருந்து எதையாவது எடுக்க முடிகிறது.

மருத்துவத்துக்கு இதில் உள்ள பெரிய வசதி, நோயாளி எதையும் செய்ய வேண்டியதில்லை என்பது. வழக்கமான எஃப்எம்ஆர்ஐயில் "விரலைத் தட்டுங்கள், வார்த்தை யோசியுங்கள்" என்று சொல்ல வேண்டும். கை விளங்காதவர், பேச்சு போனவர், மயக்க மருந்தில் உறங்கும் நான்கு வயதுக் குழந்தை ஆகியோரிடம் அது நடக்காது. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மூளைக் கட்டி நோயாளிகள் 191 பேரின் அனுபவத்தைத் தொகுத்து 2018-இல் வெளியிட்டார்கள். வேலை கொடுத்து எடுத்த ஸ்கேன்கள் 38.5 சதவீதம் பேரிடம் பயன்படாமல் போயின. ரெஸ்டிங் ஸ்டேட்டில் அது 13 சதவீதம். எவ்வளவோ நோயாளிகளுக்கு இந்த வித்தியாசமே போதுமான காரணம்.

சரி, இரைச்சலுக்கு வருவோம். ஆய்வுக் கட்டுரைக்கும் ரிப்போர்ட்டுக்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரியும். நூறு பேரைச் சராசரி எடுத்தால் ஒருவருடைய இருமல் கரைந்துவிடும். ரிப்போர்ட்டில் இருப்பவர் ஒருவர்தான், அவருடைய இருமலும் அவரோடு இருக்கும்.

உங்கள் ஸ்கேன் 2 வினாடிக்கு ஒரு முழு மூளைப் படம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் 0.25 ஹெர்ட்ஸ் வரை நடப்பதைத்தான் சரியாகப் பதிவு செய்ய முடியும். நோயாளியின் இதயம் நிமிடத்துக்கு 62 முறை துடிக்கிறது, அதாவது 1.033 ஹெர்ட்ஸ். 2 வினாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் கேமராவுக்கு இந்தத் துடிப்பு 0.033 ஹெர்ட்ஸ் அலையாக, 30 வினாடிக்கு ஒருமுறை மெதுவாக ஏறி இறங்குவதாகத் தெரியும். சினிமாவில் வேகமாக ஓடும் கார்ச் சக்கரம் மெல்லப் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். நீங்கள் 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரை வைத்துக்கொண்டு மற்றதை வடிகட்டும்போது, இந்தப் போலி அலை அந்த வாசலுக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். பெரிய ரத்தக் குழாய்கள் ஓடும் இடங்களெல்லாம் ஒன்றோடு ஒன்று அழகாகத் தொடர்பு கொண்டிருப்பது போல வரைபடம் வரும். ஒரே சமயத்தில் பல அடுக்குகளைப் படமெடுக்கும் மல்டிபேண்ட் முறையில் ஒரு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் எடுத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும். ஆனால் மூச்சின் ஆழம் மாறும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு அளவு மாறி, அதனால் ரத்தக் குழாய்கள் விரிந்து சுருங்குவது இயல்பாகவே மெதுவான அலை. எவ்வளவு வேகமாக எடுத்தாலும் அது உள்ளேயேதான் இருக்கும். ஆகவே விரலில் பல்ஸ் சென்சாரும் வயிற்றில் மூச்சுப் பட்டையும் மாட்டிப் பதிவு செய்யுங்கள். பெரும்பாலான ஸ்கேனர்களோடு இவை வருகின்றன, பெட்டியிலேயே கிடக்கின்றன.

அடுத்தது தலை அசைவு. 2012-இல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மூன்று குழுக்கள் இதை அம்பலப்படுத்தின. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அசைவுகூட, பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளின் தொடர்பைப் பொய்யாகக் கூட்டி, தொலைதூரப் பகுதிகளின் தொடர்பைப் பொய்யாகக் குறைக்கிறது. அதற்கு முன்பு வெளியான, குழந்தை வளர வளர தொலைதூரத் தொடர்புகள் வலுப்பெறுகின்றன என்ற முடிவின் ஒரு பங்கு, சின்னக் குழந்தைகள் அதிகம் அசைவதால் வந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இதில் மருத்துவருக்கு உள்ள ஆபத்து வெளிப்படை. நோயாளிகள் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களைவிட அதிகம் அசைவார்கள். பதற்றம், வலி, நடுக்கம், மருந்து என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இரண்டு குழுக்களையும் ஒப்பிட்டால் நோயின் அடையாளம் போல வெளியே வருவது அசைவின் அடையாளமாக இருக்கலாம்.

இதற்கு வழக்கமான தீர்வு, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே தலை எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டு, 0.5 மில்லிமீட்டருக்கு மேலோ, கண்டிப்பாக இருக்க நினைத்தால் 0.2 மில்லிமீட்டருக்கு மேலோ நகர்ந்த படங்களை ஒதுக்குவது. உங்கள் 6 நிமிட ஸ்கேனில் 180 படங்கள். அதில் 60 போனால் மிச்சம் 4 நிமிடம். அந்த 4 நிமிடத்தை வைத்துக்கொண்டு ஒரு தனி மனிதரைப் பற்றி எதுவும் சொல்ல நான் துணியமாட்டேன்.

ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு படம் உண்டு. எல்லா வோக்சல்களையும் (மூளைப் படத்தின் மிகச் சிறிய முப்பரிமாணக் கட்டங்கள்) வரிசையாக மேலிருந்து கீழாக அடுக்கி, நேரத்தை இடமிருந்து வலமாக வைத்து, சிக்னலைச் சாம்பல் நிறத்தில் காட்டும் கார்ப்பெட் பிளாட். மேலே அதே நேர அச்சில் அசைவின் கோடு. நல்ல ஸ்கேனில் மங்கலான, பொறிப்பொறியான சாம்பல் மட்டும் தெரியும். நோயாளி நான்காவது நிமிடத்தில் எச்சில் விழுங்கியிருந்தால் அசைவுக் கோட்டில் ஒரு முள் குத்தி நிற்கும். அதற்கு நேர் கீழே மேலிருந்து அடிவரை ஒரு கருப்புப் பட்டை. ஆழ்ந்த பெருமூச்சு விட்டிருந்தால் அசைவுக் கோட்டில் சின்ன மேடுதான் இருக்கும், ஆனால் சில வினாடிகள் கழித்து அகலமான பட்டை ஒன்று முழு மூளையிலும் ஓடும். இந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்ப்பது, வண்ண வண்ணமான வலைப்பின்னல் வரைபடத்தை ஒரு மணி நேரம் பார்ப்பதைவிட உபயோகமானது. இதைப் பார்க்காமல் வரைபடத்துக்குப் போகும் எந்தப் பகுப்பாய்வையும் நான் நம்புவதில்லை.

முழு மூளைக்கும் பொதுவான அந்தப் பட்டையை நீக்க, மூளை முழுவதன் சராசரி சிக்னலையே கழித்துவிடும் முறை ஒன்று இருக்கிறது. அசைவும் மூச்சும் விட்ட தடயம் இதில் நன்றாகவே போகும். ஆனால் கெவின் மர்ஃபியும் அவருடைய குழுவினரும் 2009-இல் காட்டியபடி, இப்படிக் கழித்தால் எதிர்மறை ஒட்டுறவுகள் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவது) கணக்கின் கட்டாயத்தாலேயே உருவாகின்றன. ஆகவே இந்த முறைக்குப் பிறகு "இந்த இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று எதிர்க்கின்றன" என்று எழுத முடியாது. ஒரு நோயாளியின் மோட்டார் பகுதி எங்கே என்று தேடும்போது இது பெரிய இடைஞ்சல் இல்லை. தேடுவது நேர்மறைத் தொடர்பைத்தானே.

ஸ்கேன் எவ்வளவு நேரம் என்பது இன்னொரு கேள்வி. மூளையை 300 பகுதிகளாகப் பிரித்தால் 44,850 ஜோடிகள். ஒரே ஆளை இரண்டு முறை ஸ்கேன் செய்தால் ஒவ்வொரு ஜோடியின் தொடர்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது? பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் ஸ்டெஃபனி நோபிளும் சகாக்களும் கணக்கிட்டபோது, அந்த நம்பகத்தன்மை சராசரியாக 0.29 என்று வந்தது (முழுதாக ஒத்துப்போனால் 1). ரத்தச் சர்க்கரைக் கருவி இப்படி இருந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். ஆனால் நீண்ட நேரம் எடுத்தால் நிலைமை மாறுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பத்துப் பேரை, ஒவ்வொருவருக்கும் மொத்தம் 5 மணி நேர ரெஸ்டிங் ஸ்டேட் சேரும்வரை, நள்ளிரவில் தொடங்கிய அமர்வுகளில் ஸ்கேன் செய்தார்கள். அப்போது ஒவ்வொரு மூளையின் வலைப்பின்னலும் அவரவருக்கே உரிய வடிவத்தில் நிலையாகத் தெரிந்தது. 5 மணி நேரம் எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்காது. 6 நிமிடத்தில் நிறுத்துவதும் நியாயமில்லை. 10 நிமிடம் வீதம் இரண்டு முறை எடுங்கள். இரண்டையும் தனித்தனியாகப் பகுப்பாய்ந்து, இரண்டிலும் ஒரே இடம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு தனி நோயாளிக்கு இதைவிட நேர்மையான சோதனை கிடையாது.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். டாக்லியாசுக்கி, லாஃப்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் காட்டியபடி, ஸ்கேனருக்குள் படுத்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் முதல் மூன்று நிமிடத்துக்குள்ளேயே விழிப்பிலிருந்து நழுவிவிடுகிறார். தூங்கும் மூளையின் தொடர்புகள் வேறு. கண்ணைத் திறந்து ஒரு கூட்டல் குறியைப் பார்க்கச் சொல்லுங்கள், முடிந்தால் கண்ணைக் கேமராவில் கவனியுங்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மருந்து, ஸ்கேனுக்கு முன் குடித்த காபி எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். காபி ரத்தக் குழாய்களைச் சுருக்கி போல்ட் சிக்னலையே மாற்றுகிறது.

இப்போது கட்டி நோயாளி. ஒருவருக்கு இடது முன்மடலின் பின்பகுதியில் கட்டி, வலது கை கொஞ்சம் பலவீனம். நியூரோசர்ஜன் கேட்பது ஒன்றுதான்: கை இயக்கும் பகுதி கட்டிக்கு முன்னால் தள்ளப்பட்டிருக்கிறதா, பின்னாலா, கீழேயா?

இங்கே தரவை எம்என்ஐ போன்ற பொதுவான மூளை வரைபடத்துக்குள் திணிக்காதீர்கள். கட்டி இல்லாத மூளைகளை வைத்துச் செய்த அச்சு அது. கட்டியைச் சுருக்கியோ, சுற்றியுள்ள மடிப்புகளை இழுத்தோ பொருத்திவிடும். மூளையின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும், நோயாளியின் சொந்த டி1 படத்திலேயே வேலை செய்யுங்கள். எதிர்ப்பக்கத்தில், அதாவது ஆரோக்கியமான வலது பக்கத்தில் தொடங்குங்கள். குறுக்கு வெட்டுப் படத்தில் மேலே இருந்து இறங்கி வரும்போது, மத்தியப் பள்ளத்துக்கு முன்னால் உள்ள மடிப்பில் தலைகீழ் ஒமேகா எழுத்து போல ஒரு புடைப்பு தெரியும். அதுதான் கைப் பகுதி. அங்கே 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு சீட், அதாவது ஒப்பீட்டைத் தொடங்கும் இடம், வைத்து, அதன் சராசரி சிக்னலோடு மற்ற எல்லா வோக்சல்களையும் ஒப்பிடுங்கள். ஸ்கேன் சரியாக இருந்தால் முதலில் சீட்டைச் சுற்றியே பளிச்சென்று தெரியும், பிறகு நடுவில் இயக்கத்தைத் திட்டமிட உதவும் சப்ளிமென்டரி மோட்டார் பகுதி, பிறகு இடது பக்கத்தில், கட்டிக்குப் பக்கத்தில், ஒரு திட்டு. நீங்கள் தேடிய இடம் அந்தத் திட்டுதான். நடுவில் வர வேண்டிய பகுதியே வரவில்லை என்றால் இடது பக்கத்தில் என்ன வந்தாலும் நம்பாதீர்கள்.

சீட்டை 4 மில்லிமீட்டர் நகர்த்தி மறுபடி ஓட்டிப் பாருங்கள். திட்டு அதே இடத்தில் நின்றால் நல்லது. பிறகு ஐசிஏ முறையிலும் பார்த்துவிடுங்கள். அதில் சீட் எதுவும் வைக்காமல், சிக்னல்களைத் தானாகவே கூறுகளாகப் பிரிக்கிறார்கள். எத்தனை கூறுகள் என்று நீங்கள் தரும் எண்ணைப் பொறுத்து மோட்டார் வலைப்பின்னல் ஒன்றாகவும் வரலாம், கை தனி, முகம் தனி என்று உடைந்தும் வரலாம். இரண்டு முறைகளும் ஒத்துப்போகும் இடத்தைத்தான் சர்ஜனிடம் காட்ட வேண்டும்.

திட்டின் விளிம்பை மில்லிமீட்டரில் படிக்காதீர்கள். எவ்வளவு ஒட்டுறவு (சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) இருந்தால் திட்டில் சேர்ப்பது என்ற எல்லையை 0.3 என்று வைத்தால் திட்டு கட்டியைத் தொடும், 0.5 என்று வைத்தால் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். எது சரியான எல்லை என்பதற்கு இயற்கையில் விடை இல்லை. மூன்று எல்லைகளில் மூன்று படங்களையும் அருகருகே வைத்துக் காட்டுவதுதான் நேர்மையான வழி. மையம் எங்கே என்பதை உறுதியாகச் சொல்லலாம், விளிம்பைச் சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமானது, திட்டு வராவிட்டால் என்ன அர்த்தம் என்பது. வேகமாக வளரும் கட்டிகளிலும், தாறுமாறான ரத்தக் குழாய் முடிச்சுகளிலும், அருகிலுள்ள குழாய்கள் விரிந்து சுருங்கும் திறனையே இழந்திருக்கலாம். நரம்பு வேலை செய்துகொண்டிருக்கும், ரத்த ஓட்டம் அதற்கேற்ப மாறாது, போல்ட் சிக்னல் மௌனமாக இருக்கும். அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்து வெட்டினால் நோயாளியின் கை போகும். நோயாளியால் முடிந்தால் 15 வினாடி மூச்சைப் பிடித்து விடும் ஸ்கேன் ஒன்றையும் சேர்த்து எடுங்கள். கார்பன் டை ஆக்ஸைடு கூடும்போது மூளை முழுவதும் சிக்னல் ஏற வேண்டும். எங்கே ஏறவில்லையோ அந்த இடத்தில் உங்கள் வரைபடத்துக்கு மதிப்பில்லை. இந்த வரைபடம் "இங்கே இருக்கிறது" என்று சொல்லும்போது கேட்கலாம், "இங்கே இல்லை" என்று சொல்லும்போது கேட்கக்கூடாது. இறுதி வார்த்தை, அறுவை அரங்கில் நேரடியாக மூளைப் பரப்பில் மின் தூண்டல் கொடுத்துப் பார்ப்பதுதான். உங்கள் படம் அந்தத் தேடலை எங்கே தொடங்கலாம் என்று காட்டும், நேரத்தை மிச்சப்படுத்தும்.

மொழிப் பகுதியில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பேச்சு எந்தப் பக்கம் என்பதுதான் அங்கே சர்ஜனின் முதல் கேள்வி. ரெஸ்டிங் ஸ்டேட்டில் மொழி வலைப்பின்னல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் தெரியும். பக்கத்தைத் தீர்மானிக்க, நோயாளியால் முடியும்வரை, வார்த்தை யோசிக்கச் சொல்லி எடுக்கும் ஸ்கேன்தான் மேல்.

இதே தரவிலிருந்து ரத்த ஓட்டம் பற்றியும் கொஞ்சம் எடுக்கலாம். மெதுவான போல்ட் அலை மூளையின் ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை வினாடி தாமதமாக வந்து சேருகிறது என்று கணக்கிட்டால், பக்கவாத நோயாளிகளில் ரத்தம் தாமதமாகப் பாயும் பகுதி, கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாமலேயே தெரிகிறது. லைப்சிக் குழு 2013-இல் இதைக் காட்டியது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது ஒருநாள் பெரிய உதவியாகும் என்று நினைக்கிறேன். இதுவும் இடம் பற்றிய கேள்விதான் என்பதைக் கவனியுங்கள்.

இனி மனச்சோர்வு. ரெஸ்டிங் ஸ்டேட் ஸ்கேன் மனநல சிகிச்சைக்குள் நுழைந்த வாசலும் இடம் பற்றியதுதான். தலைக்கு வெளியே காந்தச் சுருள் வைத்து மூளையைத் தூண்டும் காந்தத் தூண்டல் சிகிச்சையில் இடது முன்மடலின் மேற்பக்கத்தில் எந்தப் புள்ளியில் தூண்டுவது என்பது பழைய சிக்கல். மைக்கேல் ஃபாக்ஸும் குழுவினரும் 2012-இல் ஒன்றைக் கவனித்தார்கள். மூளையின் நடு அடிப்பகுதியில் உள்ள சப்ஜெனுவல் சிங்குலேட்டோடு எந்தப் புள்ளிக்கு எதிர்மறைத் தொடர்பு அதிகமோ, அங்கே தூண்டியவர்களுக்குப் பலன் அதிகமாக இருந்தது. இதை ஒவ்வொரு நோயாளியின் சொந்த ஸ்கேனிலும் தேடி, நாளுக்குப் பத்து அமர்வு வீதம் ஐந்து நாள் தூண்டும் முறையை ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கினார்கள். 29 பேரை மட்டும் கொண்ட சோதனையில், நான்கு வாரத்தில் மனச்சோர்வு மதிப்பெண் உண்மையான தூண்டலில் சராசரியாக 52.5 சதவீதமும், போலித் தூண்டலில் 11.1 சதவீதமும் குறைந்தது. 2022-இல் அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ இதை அனுமதித்தது.

ஆனால் பலன் ஸ்கேன் காட்டிய புள்ளியால் வந்ததா, ஐந்து நாளில் கொட்டிய தூண்டலின் அளவால் வந்ததா என்பதை அந்தச் சோதனை பிரித்துச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 255 பேரிடம் நடந்த பிரைட்மைண்ட் சோதனையில், செயல்தொடர்பு ஸ்கேனை வைத்துப் புள்ளி தேர்ந்தெடுத்தவர்களுக்கும் சாதாரண எம்ஆர்ஐயை வைத்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இடையே வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் வெவ்வேறு கணக்குகள், வெவ்வேறு தூண்டல் முறைகள். ஒன்றை வைத்து மற்றதைத் தள்ளிவிட முடியாது. அதோடு சப்ஜெனுவல் பகுதி சைனஸ் காற்றறைக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் அங்கே எம்ஆர்ஐ சிக்னலே பலவீனமாக இருக்கும். மேலே சொன்ன எதிர்மறை ஒட்டுறவுச் சிக்கலும் இங்கே நேராக வந்து நிற்கிறது. ஒரே நோயாளியின் இரண்டு ஸ்கேன்களில் ஒரே புள்ளி வருகிறதா என்று பார்க்காமல் இதைச் செய்யக்கூடாது.

நோயைக் கண்டுபிடிப்பது வேறு கதை. 2011-இல் கவனக்குறைவு நோயைக் கண்டறிய ஏடிஎச்டி-200 என்ற போட்டி நடந்தது. ஸ்கேனை வைத்து முயன்றவர்களில் சிறந்த குழு சுமார் 61 சதவீதம் சரியாகச் சொன்னது. ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று ஸ்கேனைத் தொடவே இல்லை. வயது, பாலினம், எந்தக் கைப் பழக்கம், ஐக்யூ, எந்த மையத்தில் எடுத்தது போன்ற விவரங்களை மட்டும் வைத்து 62.5 சதவீதம் எட்டியது. இந்தத் துறைக்குள் வரும் ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய முடிவு இது. உங்கள் மாடலை, அதாவது தரவிலிருந்து நோயாளியா இல்லையா என்று கணிக்கும் கணினிக் கணக்கை, ஸ்கேன் இல்லாமல் ஒருமுறை, அசைவின் அளவை மட்டும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதுவும் அதே அளவுக்குச் சரியாகச் சொன்னால் உங்கள் மாடல் மூளையைப் படிக்கவில்லை.

உங்கள் 80 பேரில் 90 சதவீதம் துல்லியம் வந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். சிறந்த 50 தொடர்புகளை எல்லா 80 பேரையும் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதே ஆட்களைப் பிரித்துச் சோதித்திருந்தால், விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை அது. முறையாகச் செய்திருந்தாலும் 80 பேரை வைத்து வரும் துல்லியம் 10 சதவீதம் மேலேயோ கீழேயோ ஆடும்.

மனச்சோர்வில் பெரிய தொகுப்புகள் என்ன சொல்கின்றன? சீனாவில் 25 குழுக்கள் சேர்ந்து 1,300 நோயாளிகள், 1,128 இயல்பானவர்கள் என்று தரவைக் கூட்டி 2019-இல் வெளியிட்டார்கள். சும்மா இருக்கும்போது சுறுசுறுப்பாக இருக்கும் டிஃபால்ட் மோட் வலைப்பின்னலின் உள்தொடர்பு மனச்சோர்வில் கூடுகிறது என்பது அதற்கு முன் பரவலான நம்பிக்கை. இவர்களிடம் அது குறைந்திருந்தது, அதுவும் நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் மட்டும், மருந்து எடுப்பதோடு தொடர்புபட்டு. 2017-இல் மனச்சோர்வை ஸ்கேன் வழியாக நான்கு வகைகளாகப் பிரிக்கலாம் என்று வந்த புகழ்பெற்ற ஆய்வின் முறையை வேறொரு தரவில் 2019-இல் செய்து பார்த்தபோது அந்த வகைகள் உறுதிப்படவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் பணிக்குழு 2018-இல் எல்லாவற்றையும் பரிசீலித்து, மனநோய் எதையும் கண்டறிய மூளை ஸ்கேன் இன்னும் மருத்துவப் பயன்பாட்டுக்குத் தயாராகவில்லை என்றே முடித்தது.

ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 100-க்கு 80 நோயாளிகளையும் 80 ஆரோக்கியமானவர்களையும் சரியாகச் சொல்லும் ஒரு மாடல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நூற்றில் இரண்டு பேருக்கு உள்ள நோய்க்கு 1,000 பேரைச் சோதிக்கிறீர்கள். உண்மை நோயாளிகள் 20 பேரில் 16 பேர் சிக்குவார்கள். கூடவே நோயில்லாத 980 பேரில் 196 பேரும் சிக்குவார்கள். "நோய் இருக்கிறது" என்று ரிப்போர்ட் வாங்கும் 212 பேரில் 16 பேருக்குத்தான் அது உண்மை. மற்ற 196 குடும்பங்களுக்கு அந்தக் காகிதம் என்ன செய்யும் என்று யோசியுங்கள். நம் ஊரில் மனநோய் என்று எழுதிய காகிதம் கல்யாணம் வரை வந்து நிற்கும். இதில் நான் கறாராக இருப்பதற்கு அதுதான் காரணம்.

அந்த 80 பேர் தரவு வீணில்லை. அசைவு அளவில் இரண்டு குழுக்களையும் பொருத்திப் பார்த்து, எதைச் சோதிக்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே பதிவு செய்து, நெறிமுறைக் குழு அனுமதியோடு பெயர் நீக்கி ஒரு பல மையக் கூட்டாய்வில் சேருங்கள். தனியாக நின்றால் சிறிய தரவு; ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்தால் மதிப்புள்ளது.

சாஃப்ட்வேர் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். எஃப்எஸ்எல், ஆஃப்னி, எஸ்பிஎம், கான் எல்லாமே ஆய்வுக்கு இலவசமாகக் கிடைக்கும். எஃப்எம்ஆர்ஐபிரெப் என்ற தொகுப்பு முதல்கட்டச் சுத்திகரிப்பைச் செய்து, கார்ப்பெட் பிளாட்டோடு ஒரு தர அறிக்கையும் தரும். இவை எதுவும் மருத்துவச் சாதனமாக அனுமதி பெற்றவை அல்ல. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதிர்வெண் வடிகட்டலையும் அசைவு நீக்கத்தையும் தனித்தனிப் படிகளாக ஒன்றன்பின் ஒன்று செய்தால், முதல் படியில் வெளியேற்றியது இரண்டாவது படியில் திரும்ப உள்ளே வரும். இரண்டையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்துச் செய்யுங்கள். ஒரு பாதையைத் தீர்மானித்துவிட்டால் ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றாமல் அதையே ஓட்டுங்கள். படம் அழகாக வரவில்லை என்று நோயாளிக்கு நோயாளி அமைப்புகளை மாற்றுவது ஆபத்து.

கட்டி நோயாளியின் ரிப்போர்ட்டில் நான் எழுதச் சொல்வது இப்படி இருக்கும்: "10 நிமிட ஸ்கேன் இரண்டு எடுக்கப்பட்டது. அசைவுக்காக ஒதுக்கியது போக மீதி 17 நிமிடம். வலது கைக்கான மோட்டார் பகுதியின் மையம் கட்டியின் பின் விளிம்புக்குப் பின்னால் தெரிகிறது. இரண்டு ஸ்கேன்களிலும், சீட், ஐசிஏ இரண்டு முறைகளிலும் ஒரே இடம். கட்டியின் மேல் விளிம்பில் ரத்தக் குழாய் எதிர்வினை குறைவு; அங்கே சிக்னல் இல்லாததைச் செயல்பாடு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மின் தூண்டலால் உறுதி செய்யவும்." இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். ரிப்போர்ட் அனுப்பியதோடு நிறுத்தாமல், அறுவைக்கு முந்தைய நாள் சர்ஜனோடு உட்கார்ந்து மூன்று எல்லைகளில் உள்ள படங்களையும் திரையில் காட்டிப் பேசுங்கள். அறுவை முடிந்த பிறகு மின் தூண்டலில் கை எந்தப் புள்ளியில் அசைந்தது என்று கேட்டு வாங்கி, உங்கள் திட்டின் மையத்திலிருந்து அது எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருந்தது என்று ஒவ்வொரு நோயாளிக்கும் குறித்து வையுங்கள். உங்கள் ஸ்கேனரிலும் உங்கள் பகுப்பாய்விலும் வரும் பிழை எவ்வளவு என்பது அந்தக் குறிப்பிலிருந்துதான் தெரியவரும்.